திருவானைக்காவல் ராமனும் கேரம் காயும்

நம்மில் பலர் வருடத்துக்கு ஒரு தடவையாவது திருவானைக்காவல் போய் ஜம்புகேஸ்வரரையும் அகிலாண்டேஸ்வரியையும் தரிசித்து வருகிறோம். வையம்பட்டியில் ரயிலேறி, மணப்பாறை தாண்டித் திருச்சி ஜங்ஷனில் இறங்கி, பஸ் பிடித்துக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடுகிற ஊர். அந்த ஊரில்தான் 1888 நவம்பர் 7ஆம் தேதி சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். சர் சி.வி. ராமன் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரிந்த அளவுக்கு அவர் செய்த வேலை தெரியுமா என்றால், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார் என்ற இரண்டு வரியோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்தக் கட்டுரையில் நீலக் கடலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அதற்கு முந்தைய பத்து வருடங்களைச் சொல்லப் போகிறேன். காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே இயக்க விதிகள். விசை, உந்தம், நிலைமம் என்று ஆரம்பிக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள். இந்தப் பாடத்தில் இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, நியூட்டனோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நியூட்டன் இறந்து சுமார் 190 வருடம் கழித்து, இரண்டு உருண்டைகள் மோதிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்ற கேள்வியை மறுபடி எடுத்து, அதில் புதிதாக ஒன்றைச் சொன்னவர் நம் திருச்சிக்காரர். அதில் பெரும்பகுதியை அவர் கவர்ன்மென்ட் கணக்கு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, காலையும் இரவும் கிடைத்த நேரத்தில் செய்தார். ஆயுள் முழுக்க லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர் மேல் தனிப் பிரியம்.

அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் ராமன் இரண்டாவது. அவர் பிறந்தபோது அப்பா பள்ளி ஆசிரியர்; சம்பளம் மாதம் 10 ரூபாய். 1892இல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போய்விட்டது. ஆகவே ராமன் திருச்சியில் வளர்ந்தவர் என்று பெருமை பேசினால் அது முழு உண்மை ஆகாது. மூன்று மூன்றரை வயது வரைதான் இங்கே. வீட்டில் புத்தகங்கள் நிறைய. அப்பா கணக்கும் பௌதிகமும் சொல்லிக் கொடுப்பவர், அதோடு வயலினும் வாசிப்பார். லால்குடியைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு வயலினின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயலின் பின்னால் ராமனின் வாழ்க்கையில் வேறு ஒரு வேலையைச் செய்தது, அதற்கு வருகிறேன்.

பையன் படிப்பில் புலி. 11 வயதில் மெட்ரிகுலேஷன். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904இல் பி.ஏ.வில் முதல் இடமும் தங்கப் பதக்கமும், 1907இல் எம்.ஏ. அதற்கு முன்பே, 1906 நவம்பரில், ஒளியைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனில் வெளியாகும் பிலசாபிக்கல் மேகசினில் வந்துவிட்டது. அப்போது வயது 18. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று பார்த்தால், உடம்பைப் பரிசோதித்த சென்னை சிவில் சர்ஜன், இந்த ஒல்லி உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக்கென்று சம்பளம் கொடுக்கிற இடம் இந்தியர்களுக்கு இங்கே கிடையாது என்றே சொல்லலாம். அண்ணன் சுப்பிரமணியம் ஏற்கெனவே அரசாங்க நிதித் துறையில் இருந்தார். ராமனும் அந்தப் பரீட்சையை எழுதினார். பௌதிகம் படித்தவர் வரலாறும் பொருளாதாரமும் புதிதாகப் படித்து எழுதி, இந்தியாவிலேயே முதலாவதாக வந்தார்.

1907 மே மாதம் லோகசுந்தரி அம்மாளோடு கல்யாணம். அடுத்த மாதமே கல்கத்தாவில் அசிஸ்டென்ட் அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை. 18 வயதில், அந்தக் காலத்து 400 ரூபாய் சம்பளம். அப்பாவின் 10 ரூபாயை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டிலும் இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்கும்.

கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு போர்டு கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876இல் ஊர் ஊராகப் பணம் திரட்டி நிறுவியது. நல்ல கட்டடம், கருவிகள், பெரிய அரங்கம் எல்லாம் இருந்தும் ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லாமல் தூசி படிந்து கிடந்தது. ராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற உதவியாளர். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலேஜ் படிப்பு இல்லாதவர். ராமனோடு சேர்ந்து வேலை செய்து, கடைசியில் அவர் பெயரும் ராமன் பெயரோடு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறியது. தண்ணீரில் ஒரு பொருள் விழும்போது வரும் சளக் என்ற சத்தத்தைப் பற்றி 1920இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை உண்டு. அட்டெண்டரின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்ட ஆபீசர்களை எனக்கு அதிகம் தெரியாது.

அன்றிலிருந்து ராமனின் நாள் இப்படிப் போனது. விடிகாலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வீடு. குளித்து, அவசரமாக நாலு வாய் சாப்பிட்டு ஆபீஸ். மாலை ஐந்துக்கு ஆபீசிலிருந்து நேராகக் கழகம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேதான். பின்னாளில் ஆராய்ச்சிக் கூடத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிமாறிவிட்டார். நடுவில் 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாக்பூருக்கும் டிரான்ஸ்பர் வந்தது. போன இடத்தில் வீட்டிலேயே கருவிகளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 1911இல் மறுபடி கல்கத்தா. ஆபீஸ் வேலையிலும் குறை வைக்கவில்லை. மேலதிகாரிகளிடம் நல்ல பெயர். லோகசுந்தரி அம்மாள் இந்தப் பத்து வருடத்தை எப்படி ஓட்டினார் என்று யாரும் விரிவாக எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

சரி, அந்தக் காலையிலும் இரவிலும் அவர் என்னதான் செய்தார்? பெரும்பாலும் அதிர்கிற, ஆடுகிற, மோதுகிற பொருள்களைத்தான் ஆராய்ந்தார். அதற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை, பட்ஜெட்டும்தான் என்பது என் அபிப்பிராயம். கம்பி, உருண்டை, இசைக்கவை, வயலின் இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

முதலில் ஊஞ்சல். பிள்ளைகள் ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு, யாரும் தள்ளாமலே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வீசி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை போய் வருவதற்குள் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு முறை. அதாவது கொடுக்கிற விசையின் தாளம், ஆட்டத்தின் தாளத்தைப் போல இரட்டிப்பு. ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதன் இழுவிசையை இப்படித் தாளம் போட்டுக் கூட்டிக் குறைத்தால் கம்பி தானாகவே பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். எந்தெந்தத் தாளத்தில் ஆடும், எப்படி ஆடும் என்பதை ராமன் வரிசையாகச் சோதனை செய்து 1912இல் கழகத்தின் வெளியீடாகவே எழுதினார்.

அடுத்தது அப்பாவின் வயலின். வில்லை ஒரே சீராக இழுக்கிறோம், தந்தியோ அதிர்கிறது. சீரான இழுப்பிலிருந்து அதிர்வு எப்படி வருகிறது? வீட்டில் பீரோவை நகர்த்தியிருக்கிறீர்கள் அல்லவா? முதலில் அசையவே மாட்டேன் என்று நிற்கும். மூச்சைப் பிடித்துத் தள்ளினால் சட்டென்று நகரும். நகர ஆரம்பித்த பிறகு அவ்வளவு பலம் தேவைப்படாது. நிற்கும்போது இருக்கிற உராய்வு நகரும்போது இருப்பதைவிட அதிகம். வயலினில் நடப்பதும் அதுதான். வில்லின் ரோமம் தந்தியைப் பிடித்துக் கூடவே இழுத்துப் போகிறது. ஒரு அளவுக்கு மேல் தந்தி பிடியிலிருந்து நழுவித் திரும்பி ஓடுகிறது, மறுபடி பிடிபடுகிறது. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. இந்தப் பிடிப்பும் நழுவலும் தந்தியை எந்தெந்த வடிவங்களில் ஆட வைக்கும் என்பதை ராமன் கணித முறைப்படி விளக்கி 1918இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். வயலினின் அறிவியலைப் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதோடு விடவில்லை. மனிதர் கை வில்லை இழுத்தால் ஒரு தடவை போல இன்னொரு தடவை இருக்காது. ஆகவே இயந்திரத்தால் வாசிக்கும் வயலின் ஒன்றைச் செய்தார். அதில் ஒரு வேடிக்கை: வில் அசையாமல் நிற்கும், வயலின் முன்னும் பின்னும் போய் வரும். தந்திக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது? நீங்கள் ரயிலில் உட்கார்ந்திருக்க, பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பினால் நாம்தான் கிளம்பிவிட்டோமோ என்று தோன்றுமே, அதே விஷயம்தான். ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதே கணக்கு. இந்தக் கருவியை வைத்து, நல்ல நாதம் வருவதற்கு வில்லை எவ்வளவு அழுத்த வேண்டும், வேகம் கூடினாலோ வில் இருக்கும் இடம் மாறினாலோ அந்த அழுத்தம் எப்படி மாற வேண்டும் என்று அளந்தார். வயலின் வித்துவான்களின் கைக்குத் தெரிந்த விஷயம் அப்போதுதான் எண்ணாகக் காகிதத்துக்கு வந்தது.

மிருதங்கத்தையும் விடவில்லை. சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் வருகிற பல அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று சுருதி சேராது. வெறும் சத்தம்தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் கறுப்பாக வட்டமாகப் போட்டிருப்பார்களே, சாதம் என்றும் கரணை என்றும் சொல்வது, அந்தக் கூடுதல் எடைதான் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து சுருதி சேர்க்கிறது என்று 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் என்றைக்கோ எடையைக் கூட்டிக் குறைத்துக் கண்டுபிடித்து வைத்ததை அவர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

இப்போது கேரம் காய்க்கு வருவோம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

உந்தம் என்பது ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், சும்மா நிற்கிற காயை நேர் நெற்றியில் அடிக்கிறது. மோதலுக்கு முன் உந்தம் 15 பெருக்கல் 2, ஆக 30. மோதலுக்குப் பின் இரண்டின் உந்தத்தையும் கூட்டினால் அதே 30 வந்தே தீர வேண்டும். ஒன்று இழந்தது இன்னொன்றின் வரவு. எங்கள் பாஷையில் சொன்னால் டிரையல் பேலன்ஸ் டாலி ஆகும்.

ஆனால் இது மட்டும் தெரிந்தால் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு வேகத்தில் போகும், காய் எவ்வளவு வேகத்தில் போகும் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. தெரியாத எண் இரண்டு. கையில் இருக்கிற சமன்பாடு ஒன்று. இன்னொரு விதி வேண்டும். அதைக் கொடுத்தவர் நியூட்டன். ஊசலில் உருண்டைகளைக் கட்டி மோதவிட்டுப் பார்த்தார். மோதிய பிறகு இரண்டும் எவ்வளவு வேகத்தில் விலகுகின்றன, மோதும் முன் எவ்வளவு வேகத்தில் நெருங்கின, இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் பொருளுக்குப் பொருள் மாறுகிறது, ஆனால் ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்றார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைக்கு 9க்கு 5. கண்ணாடிக்கு 16க்கு 15. இதைத்தான் பதினொன்றாம் வகுப்பில் மீட்சியளிப்புக் குணகம் என்று படிக்கிறார்கள். நெருங்கிய வேகம் அத்தனையும் விலகும் வேகமாகத் திரும்பி வந்தால் குணகம் 1, ஒட்டிக்கொண்டால் 0.

நம் கேரம் கணக்கில் குணகம் 1 என்றால் ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்திலும் காய் 3 மீட்டர் வேகத்திலும் போகும். உந்தம் 15 கூட்டல் 15, ஆக 30. சரி. இயக்க ஆற்றலும் முன்பு 30, பின்பு 30. குணகம் 0.8 என்றால் ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7. உந்தம் 16.5 கூட்டல் 13.5, இப்போதும் 30. ஆனால் ஆற்றலைக் கணக்கிட்டால் 27.3 தான் வரும். 2.7 குறைகிறது. அந்தக் குறைவு எங்கே? டக் என்ற சத்தமாக, கொஞ்சம் சூடாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நசுங்கலாகப் போயிருக்கிறது. பணம் காணாமல் போகவில்லை. வேறு தலைப்பில் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளை நோட்டில் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராமன் கேட்ட கேள்வி இதுதான்: இந்தக் குணகம் உண்மையிலேயே மாறாத ஒரு எண்தானா? வேகமாக மோதினால் குணகம் குறைகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மிக மிக மெதுவாக மோதவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் தெளிவு இல்லை. ஏனென்றால் அவ்வளவு சின்ன வேகத்தைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. ராமன் தொங்கவிட்ட உருண்டைகளை மெல்லத் தொட்டுக்கொள்ள வைத்து, அவற்றின் அசைவை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்து, அந்தப் பதிவிலிருந்து வேகங்களை எடுத்தார். வேகம் குறையக் குறையக் குணகம் 1ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனது. 1918இல் அமெரிக்காவின் பிசிக்கல் ரெவ்யூ இதழில் இது வெளிவந்தது.

இதன் அர்த்தம் என்ன? மோதும்போது தொடுகிற இடம் சற்றுத் தட்டையாகி மறுபடி நிமிர்கிறது. மெதுவாக மோதினால் அது முழுதாக நிமிர்ந்துவிடும். இழப்பு அநேகமாக இல்லை. வேகமாக மோதினால் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லை மீறி நிரந்தரப் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்துக்கான செலவு ஆற்றலிலிருந்து கழிகிறது. நம் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் மெல்ல உரசிய பம்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்; அதே தூணில் வேகமாக இடித்தால் டிங்கரிங் செலவு. ஆகவே நியூட்டன் சொன்ன எண் பொருளின் நிரந்தரக் குணம் இல்லை, வேகத்தையும் பொறுத்தது. நியூட்டன் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. உந்தக் கணக்கு கொஞ்சமும் அசையவில்லை. அவர் தோராயமாக எடுத்துக்கொண்ட துணை விதியின் எல்லை எது என்று தெரிந்தது.

1920இல் அடுத்த படி. உருண்டை ஒரு கண்ணாடிப் பலகை மேல் விழுந்து எழுந்தால்? தடித்த பலகையில் நன்றாக எழும்பும். மெல்லிய பலகையில் எழும்பாது. மெல்லிய பலகை அதிர்ந்து, வந்த ஆற்றலைத் தானே எடுத்துக்கொள்கிறது. பலகையின் தடிமனுக்கும் எழும்பும் அளவுக்கும் உள்ள தொடர்பை, ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் ஏற்கெனவே எழுதியிருந்த மோதல் கோட்பாட்டைக் கொண்டு ராமன் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கோலிக்குண்டைக் கிரானைட் மேடையில் ஒரு தடவையும், பிளைவுட் பலகையில் ஒரு தடவையும் போட்டுப் பாருங்கள், புரியும். (மாலை நேரத்தில் செய்யுங்கள். கீழ் வீட்டுக்காரர்கள் மதியம் தூங்குவார்கள்.)

இதற்கு நடுவில்தான் வாழ்க்கையின் பெரிய முடிவு வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி பௌதிகத்துக்குப் பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுக்க முன்வந்தார். சம்பளம் ராமன் வாங்கிக்கொண்டிருந்ததைவிட மிகவும் குறைவு. கவர்ன்மென்ட் உத்தியோகம், பென்ஷன், மேலே மேலே போகக் காத்திருக்கும் பிரமோஷன் எல்லாவற்றையும் விட வேண்டும். வயது 28. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பதவி ஏற்பவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பயிற்சிக்காக வெளிநாடு போக மாட்டேன் என்று ராமன் கறாராகச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகம்தான் நிபந்தனையைத் தளர்த்தியது. 1917இல் வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். இந்த இடத்தில் நீங்கள் ஒரு நிமிடம் நிறுத்தி, உங்கள் வீட்டில் ஒரு பையன் இப்படி வந்து நின்றால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

பிறகு நடந்தது பள்ளிப் புத்தகத்திலேயே இருப்பதால் வேகமாகச் சொல்கிறேன். 1921இல் முதல் வெளிநாட்டுப் பயணம். கப்பலில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் திருப்பியது. 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். இதற்கிடையே 1923இல் அமெரிக்காவில் காம்டன் என்பவர் எக்ஸ் கதிரை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒளி எலெக்ட்ரானோடு மோதும்போது, அதற்கும் உந்தம் உண்டு என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு சரியாக வருகிறது. கேரம் காய் மோதலின் அதே வரவு செலவு. 1927இல் காம்டனுக்கு நோபல் பரிசு என்ற செய்தி வந்தபோது, எக்ஸ் கதிருக்கு நடப்பது சாதாரண ஒளிக்கும் ஏன் நடக்கக் கூடாது என்ற எண்ணம் ராமனுக்கு வலுத்தது. ஒளி மூலக்கூறில் மோதித் தன் ஆற்றலில் கொஞ்சத்தை அந்த மூலக்கூறை அதிர வைப்பதற்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், வந்த ஒளியின் நிறம் மாறியிருக்க வேண்டும். கண்ணாடிப் பலகை உருண்டையின் ஆற்றலை எடுத்துக்கொண்டு அதிர்ந்ததே, கிட்டத்தட்ட அது போல. 1928 பிப்ரவரி 28இல் அதைக் கண்டார்கள். அதுதான் ராமன் விளைவு. அந்த நாள்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினம். மோதலைப் பற்றி அத்தனை வருடம் யோசித்த மனிதருக்கு இந்தப் படம் மனதில் எளிதாக விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

கண்டார்கள் என்று பன்மையில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இரவு பகலாகக் கூட இருந்து அந்தச் சோதனைகளைச் செய்தவர் கே.எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புக்காரர். நேச்சர் இதழுக்கு அனுப்பிய முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. 1930ஆம் வருட நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. அறிவியலில் ஆசியாவிலிருந்து யாரும் அதற்கு முன் வாங்கியதில்லை. கிருஷ்ணனுக்கு உரிய அளவு பெயர் கிடைத்ததா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பின்னாளில் அவர் டெல்லி தேசிய பௌதிக ஆய்வகத்தின் இயக்குநரானார். நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பது நல்லது.

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார்; அந்தப் பதவியில் முதல் இந்தியர். அங்கே நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1937இல் இயக்குநர் பதவியை விட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்றபோது அழகாக இருந்த அதே பிடிவாதம், வேறு இடத்தில் அழகாக இல்லை. கமலா சோஹோனி என்ற மாணவி அங்கே ஆராய்ச்சிக்கு வந்தபோது, பெண் என்பதாலேயே சேர்க்க மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை, போராடி நிபந்தனையோடு சேர்ந்தார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவரைப் பார்த்தபின் ராமனும் மனம் மாறி மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். பெரிய மனிதர் வரலாறு என்றால் இதை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை.

1948இல் பெங்களூரிலேயே தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா. ஒவ்வொரு அக்டோபர் 2ஆம் தேதியும் காந்தி நினைவாக அங்கே ஒரு சொற்பொழிவு செய்வார். 1970இல் செய்த கடைசிச் சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நம் காது எப்படிக் கேட்கிறது என்பது. வயலினும் மிருதங்கமும் எழுப்பிய நாதத்தில் ஆரம்பித்தவர், அந்த நாதம் போய்ச் சேர்கிற இடத்துக்கு 81 வயதில் வந்திருந்தார். அடுத்த மாதம், நவம்பர் 21ஆம் தேதி விடிகாலையில் காலமானார். அவர் விருப்பப்படியே நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். சமாதி எழுப்பவில்லை, அந்த இடத்தில் ஒரு மரம் வைத்தார்கள்.